சக்கர நாற்காலியும் சம்பந்தியம்மாவும்

மே 11, ஞாயிறு. கோவில்பட்டி

அமெரிக்கா போக இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, இரண்டு கிலோ கடலைமிட்டாய். கோவில்பட்டிக்காரி கடலைமிட்டாய் இல்லாமல் போனால் விமானத்தில் ஏற்றுவார்களோ என்னவோ.

எள் வறுத்துக்கொண்டிருந்தபோது டல்லாஸிலிருந்து பிருந்தா கூப்பிட்டாள். "அம்மா, கொஞ்சம் உக்காந்துக்கோ" என்றாள். பெற்ற பெண் அம்மாவை உட்காரச் சொன்னால் நல்ல சேதி வராது.

அவளும் மாப்பிள்ளை தரணியும் பிரிந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டார்களாம். இவள் தனியாக வீடு எடுத்துக் குடியும் போய்விட்டாளாம்.

"அடிச்சாரா?"

"ஐயோ, இல்லம்மா."

"வேற யாராவது..."

"யாரும் இல்ல. சண்டைகூடக் கிடையாதும்மா. எங்களுக்குள்ள பேச ஒண்ணுமே இல்ல. லாட்ஜ்ல அடுத்தடுத்த ரூம்ல தங்கின மாதிரி இருந்தோம். எத்தனை வருஷம் அப்படி இருக்கச் சொல்ற?"

எனக்கு முதலில் பயணம்தான் ஞாபகம் வந்தது. டிக்கெட் தரணி போட்டது, இந்த முடிவுக்கெல்லாம் முன்னால். எனக்கும் அவன் அம்மாவுக்கும் சேர்த்துப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எனக்கு இங்கிலீஷ் உண்டு, துணிச்சல் கிடையாது. அவருக்குத் துணிச்சல் உண்டு, இங்கிலீஷ் கிடையாது. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினால் ஒரு முழு ஆளாக வந்து சேரும் என்று நினைத்திருக்கிறான் பிள்ளை.

"அத்தைக்கு இன்னும் தெரியாதும்மா. நேர்ல சொல்லிக்கறேன்னு தரணி சொல்லியிருக்கான். வழியில நீ வாயத் திறந்துராத."

யாரிடம் சொல்கிறாள்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலத்தை ஓட்டியவள் நான். ஊரில் யார் வீட்டில் என்ன புகைகிறது என்று காதில் விழுந்தாலும், மறுநாள் கோயிலில் அவர்களைப் பார்த்து "சௌக்கியமா" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தவள்.

அழவில்லை. எள் கருகிவிட்டது, அவ்வளவுதான்.

மே 12, திங்கள்

நாலு மணிக்குச் சம்பந்தியம்மா கூப்பிட்டார். தினமும் கூப்பிடுகிறவர்தான்.

பெயர் ராமாத்தாள். காங்கேயம் பக்கம் தோட்டம், மாடு, வாய் திறக்காத வீட்டுக்காரர். கல்யாணத்தன்று முதல் பந்தியில் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு இலை கிடைக்காமல் போய், அதை வைத்து எங்களுக்குள் ஒரு வருஷம் பேச்சில்லை. பிறகு என் வீட்டுக்காரர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் பையைத் தூக்கியபோது இவர் மட்டும் பையைத் தூக்கவில்லை. "மாட்டுக்கு அவரு இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு என் அடுப்படியில் போய் நின்றுகொண்டார். நானாக உலை வைக்கும்வரை கிளம்பவில்லை. அன்றிலிருந்து இந்த நாலு மணி போன்.

பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். என்ன குழம்பு, யார் வீட்டு நாய் குட்டி போட்டது, இப்படித்தான். எடுக்காவிட்டால் கவலைப்படுவாரே என்று எடுப்பேன்.

இன்றைக்கு, "களி கிண்டீட்டு இருக்கேனுங்க, கை வேலையா இருக்குது" என்று சட்டென்று வைத்துவிட்டார். நாலு மணிக்கு யார் களி கிண்டுகிறார்கள்? எனக்கும் நல்லதாகப் போயிற்று. பேசியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

மே 14, புதன்

நாலு மணிக்குப் போன் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே கூப்பிட்டேன், பெட்டி எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்க. அது எனக்கே தெரியும்.

மே 17, சனி. சென்னை விமான நிலையம்

விடியவில்லை. வந்ததும் முதல் மானக்கேடு என்னுடையது. எடை மேடையில் என் பெட்டி கூடுதல். பின்னால் நிற்கும் கூட்டம் முழுக்கப் பார்க்க, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். உள்பாவாடைக்கு நடுவே பருப்புப் பொடி. சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க போடுங்க, நம்ம பொட்டி காலியாத்தான் கெடக்குது" என்று தன்னுடையதைத் திறந்தார்.

நிஜமாகவே காலிதான். போன தடவை மகன் ஊருக்கு வந்தபோது நாட்டுச் சர்க்கரை, நல்லெண்ணெய், கொள்ளு என்று ஒரு மளிகைக் கடையையே கட்டிக்கொடுத்து அனுப்பியவர்.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் எடுத்துக்கலையா மதினி?"

"அங்கயே எல்லாங் கெடைக்குதாமுங்க."

துணிகளுக்கு மேலே ஒரு புதுப் பட்டுச்சேலை இருந்தது. பாப்பாவுக்கு என்றார். பிருந்தாவை அவர் பாப்பா என்றுதான் சொல்வார். "என்னைக்கு வேணா கட்டிக்கட்டுமுங்க. இப்பவேன்னு இல்ல." அதன்மேல் என் எள்ளுப் பொடியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடலைமிட்டாயோடு ஓரமாக வைத்தேன்.

அடுத்தது சக்கர நாற்காலி. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர் அப்பா அம்மாக்களுக்கு, விமான நிலையத்தில் மட்டும் கால் வராது. மற்ற இடத்தில் நன்றாக வரும். நாற்காலி என்று டிக்கெட்டில் போட்டுவிட்டால், தள்ளுகிற ஆளே எல்லா வாசலிலும் கொண்டுபோய் விட்டுவிடுவார். வழி தப்பாது, எவனும் இங்கிலீஷில் குடையமாட்டான். தரணி இரண்டு பேருக்கும் போட்டிருந்தான். எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. தினம் மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டைத் தலைச்சுமையாகத் தூக்கிவரும் சம்பந்தியம்மா, அதில் உட்கார்ந்து கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தார்.

"தெரிஞ்சவிய யாராச்சும் பாத்தா என்னங்க நெனைப்பாங்க?"

"முட்டிவலின்னு சொல்லிக்கலாம் மதினி."

"எந்த முட்டீன்னு கேட்டா?"

ஆறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

மே 17, முதல் விமானத்தில்

ஜன்னலோர இருக்கை அவருடையது. எனக்குக் கொடுத்துவிட்டார். போர்வையைப் பிரித்து என் காலில் போர்த்தினார். தண்ணீர் வாங்கி எனக்குத்தான் முதலில் நீட்டினார். மாப்பிள்ளை வீட்டம்மா பெண் வீட்டம்மாவுக்கு இப்படிச் செய்வது எங்கேயும் வழக்கமில்லை. செய்யச் செய்ய எனக்குக் கூசியது. பாவம், ஒன்றும் தெரியாமல் வருகிறாரே என்று.

"நல்லாத் தூங்குங்க. போனதுக்கப்புறம் எப்பிடியோ என்னமோ" என்றார். அங்கே வேலை அதிகம் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மே 17, நடுவில் இறங்கி மாறும் வளைகுடா ஊர்

இப்போதுதான் நோட்டை எடுத்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இறங்கியதும் நாற்காலிக்காரர்களை எல்லாம் ஒரு மின்சார வண்டியில் ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். டிக்கெட்டில் நாற்காலி போட்டவர்களுக்கு மட்டும்தான் என்று தடுத்துவிட்டார்கள். பலகையைப் பார்த்து நடந்து வாருங்கள், வாசலில் சந்திக்கலாம் என்றார் ஒருவர். வண்டி கிளம்பியது. சம்பந்தியம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது தெரிந்தது.

பலகையைப் பார்த்துத்தான் நடந்தேன். ஒரு பலகை மேலே போ என்றது, ஏறினேன். அடுத்தது கீழே போ என்றது. தங்கக் கடை, வாசனைத் தைலக் கடை, மறுபடி அதே தங்கக் கடை. கைபேசி வேலை செய்யவில்லை. சீருடையில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்கப் போனேன். வார்த்தை வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசிய இங்கிலீஷ் வேறு; ஒரு முகத்துக்கு நேரே நின்று, நான் தொலைந்துபோய்விட்டேன் என்று சொல்லும் இங்கிலீஷ் வேறு. சும்மா சிரித்துவிட்டு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்தபோது விமானம் போய்விடும் என்று பயப்படவில்லை. இப்படித்தான் இனிமேல் இருக்கப் போகிறது என்று பயந்தேன். வீட்டுக்காரர் போனபோது வந்த அதே பயம்.

தலை நிமிர்ந்தால் அந்த நீள நடையில் ஒரு கூட்டமே வழிவிடுகிறது. நடுவில் சம்பந்தியம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பில் நடக்கிற வேகத்தில் வருகிறார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "மேடம், மேடம்" என்று ஓடிவருகிறார்.

"ஏனுங்க, இங்கயா உக்காந்திருக்கறீங்க! வண்டிய நிறுத்தச் சொன்னா அந்தாளு காதுலயே போட்டுக்கல. எறங்குன எடத்துல நாற்காலில உக்கார வெச்சாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

"விமானம் போயிருந்தா?"

"போனாப் போவுது."

எனக்கு அழுகை உடைந்துவிட்டது. "எனக்காக ஏன் மதினி திரும்பி வந்தீங்க? நீங்க போயிருக்க வேண்டியதுதான? இனிமே நான் உங்களுக்கு யாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எத்தனை வருஷ வாய்க்கட்டு, ஒரு பெஞ்சில் அவிழ்ந்துபோயிற்று.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்குஞ் சொல்லிட்டாங்களா?" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். தரணி போன வாரமே சொல்லிவிட்டானாம். அத்தைக்குத் தெரியாது, பிருந்தா நேரில் சொல்லிக்கொள்வாள், நீ மூச்சு விடாதே என்றானாம். நான் இவரைப் பாவம் என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். இவர் என்னைப் பாவம் என்று நினைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஒரே பொய்யால் கட்டியிருக்கின்றன.

அழுதோம். சிரித்தோம். எது முதலில் என்று தெரியவில்லை. நாற்காலிக்காரர் நல்ல மனிதர். கொஞ்சம் தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது என் முட்டி நிஜமாகவே நடுங்கியது. சம்பந்தியம்மா என் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கைப்பிடியில் ஒரு கை வைத்தபடி கூடவே நடந்து வந்தார். நாற்காலிக்காரர் காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தள்ளினார்.

வாசலில் வந்து பார்த்தால் விமானம் தாமதம். இன்னும் ஏற்றவே தொடங்கவில்லை.

மே 17, இரண்டாவது விமானத்தில்

மேற்கே போவதால் வெயில் கூடவே வருகிறது. எவ்வளவு நேரம் பறந்தாலும் பகல்தான். முன்னிருக்கையின் திரையில் ஒரு சின்ன விமானம், நத்தை மாதிரி, கடலில் ஊர்கிறது.

சாப்பாடு வந்தது. தரணி இந்து சாப்பாடு என்று குறித்திருந்தான். பேரைப் பார்த்தால் சைவம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? திறந்தால் கோழி. எனக்குச் சனிக்கிழமை கவுச்சி ஆகாது. பணிப்பெண்ணிடம் கேட்டால், சைவம் வேண்டுமென்றால் அதை வேறு பெயரில் கேட்டிருக்க வேண்டுமாம்.

"பூமியில இருக்கறவியளுக்குத்தானுங்க கெழமையெல்லாம்" என்றார் சம்பந்தியம்மா. "இங்க மேல என்ன கெழமைன்னு சாமிக்கே தெரியாது."

ஆனாலும் தன் தட்டிலிருந்த ரொட்டி, தயிர், பழம் எல்லாவற்றையும் என் தட்டுக்கு மாற்றினார். என் கோழி அவர் தட்டுக்குப் போனது. அரை மனதாகத்தான் சாப்பிடுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார்.

பிறகு பேசத் தொடங்கியவர்கள்தான். பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம். பேசிச் சேர்த்துவைக்கப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். அவர் திரையைப் பார்த்தபடி, "புடிக்காத மாட்டயே ஒரே நொகத்துல பூட்ட முடியறதில்ல. இதுக ரெண்டும் படிச்ச புள்ளைக. வுட்டுருவோமுங்க" என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பிருந்தாமேல் உயிர். எனக்குத் தரணிமேல் கோபம் வரவேண்டுமென்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

அப்புறம் ஊர்க்கதை, மாட்டுக்கதை, என் அதிகாரி ஒருவரின் பொய்ப்பல் மேசையில் விழுந்த கதை. இவ்வளவு நேரம் நான் யாரோடும் சேர்ந்தாற்போல் பேசியதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

"கட்டுச்சோறு கட்டிப் போனாலும் பயணம் முடியத்தானுங்க வேணும்" என்றார் திடீரென்று. சற்றுக் கழித்து, "அப்புறம் நாம?" என்றார்.

கல்யாணத்தால் வந்த உறவு கல்யாணத்தோடு போகும் என்பதுதானே ஊர் நியாயம். விவாகரத்து ஆன பிறகு மாப்பிள்ளையின் அம்மாவோடு தினமும் போனில் பேசுகிறவளை எங்கள் தெருவில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஊரிலும் அதேதான் சொல்வார்கள்.

தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். இந்த நாள் முடியவே கூடாது என்று இருந்தது.

மே 17, இன்னும் அதே சனிக்கிழமை. டல்லாஸ்

விமான நிலையத்து வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் இன்னும் சாயவில்லை. பக்கத்தில் சம்பந்தியம்மா கடலைமிட்டாய் தின்கிறார். பிள்ளைகள் இருவரும் அந்தத் தூணருகே நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எப்படி இங்கே வந்து உட்கார்ந்தோம் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரி என்னிடம் நாலு கேள்வி கேட்டார். பக்கத்தில் நின்றவரைக் காட்டி, இவர் உனக்கு என்ன வேண்டும் என்றார். என் மகளின் கணவரின் அம்மா என்றேன். இங்கிலீஷில் அது ரொம்பத் தூரத்துச் சொந்தம் மாதிரி கேட்டது. அவர் முத்திரையைக் குத்திவிட்டார்.

வெளியே வந்தால், கூட்டத்தில் ஒரு மூலையில் பிருந்தா, இன்னொரு மூலையில் தரணி. இரண்டு பேரும் மெலிந்திருந்தார்கள். தரணி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிருந்தா அத்தையைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. தரணி அவன் அம்மா பெட்டியை எடுத்தான், பிருந்தா என் பெட்டியை எடுத்தாள்.

"அத்தை, நீங்க தரணி கார்ல போங்க. அம்மா என்கூட வரட்டும். தரணி உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னான்" என்றாள் பிருந்தா.

"எங்களுக்கு எல்லாம் தெரியும் கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவினார் சம்பந்தியம்மா. பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அப்பொ நான் வாரேனுங்க, சம்மந்தியம்மா." கல்யாண மண்டபத்து வாசலில் கும்பிட்ட மாதிரியே. மகன் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

துணிச்சல் அவருடைய பங்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது அவரிடம் இல்லை. நிற்காமல் போகிறார்.

"நில்லுங்க மதினி!"

நான் போட்ட சத்தத்தில் யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். போட்டாயிற்று, இனி என்ன.

"ஏய் பிருந்தா, மாப்பிள்ளை, ரெண்டு பேரும் இங்க வாங்க. நீங்க பிரியுறதும் சேருறதும் உங்க இஷ்டம். நாங்க ஏன்னுகூடக் கேக்கப் போறதில்ல. ஆனா எங்கள எதுக்கு ஆளுக்கொரு கார்ல ஏத்துறீங்க? உங்கள மாதிரி நாங்க ஒண்ணும் பிரியணும்னு முடிவு பண்ணல. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அம்மா, மெதுவா..." என்றாள் பிருந்தா.

"மெதுவாத்தான் இத்தனை வருஷமா பேசினேன். இங்க இருக்குற மூணு மாசமும் நானும் மதினியும் ஒரே வீட்லதான் இருப்போம். உன் வீடா, அவரு வீடான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுங்க. ஊருக்குப் போயும் நாங்க பேசிக்கத்தான் செய்வோம். எவ என்ன சொன்னாலும் சரி."

தரணி அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அழுதுகொண்டிருந்தார். நானும்தான். அப்புறம் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அவருடைய பெட்டியைத் திறந்து என் கடலைமிட்டாயை எடுத்தேன்.

அவர் இல்லாமல் இரண்டாம் தடவை தனியாக ஆகிவிடுவேனோ என்றுதான் ஒரு வாரமாகப் பயந்திருக்கிறேன். மகள் வாழ்க்கையைப் பற்றிய கவலை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இருக்கிறது. ஆனால் முதலில் இதுதான்.

பிள்ளைகள் வருகிறார்கள்.

பிருந்தா வீடு என்று முடிவாகியிருக்கிறது. தரணி சனி, ஞாயிறு வந்து பார்த்துக்கொள்வானாம். அங்கே ஒரே ஓர் அறை, ஒரு கட்டில்தான் கூடுதலாக இருக்கிறதாம். கட்டில் மதினிக்கு, நான் கீழே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அதெப்படி, முட்டி நடுங்கியது உங்களுக்குத்தானே, கட்டில் உங்களுக்குத்தான் என்கிறார். வண்டியில் ஏறிய பிறகும் விடுவதாக இல்லை. டல்லாஸ் எப்படி இருக்கிறது என்று நாங்கள் இருவரும் இன்னும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை.